ஆயர் ஈத்தாம் மழையும் ஆப்பிரிக்கா ஆமையும்

ஆமை வளர்க்கிறதப் பத்தி யூடியூப்ல தேடிப் பாருங்க, முக்காவாசி வீடியோ இங்கிலாந்துக்காரங்களும் அமெரிக்காக்காரங்களும் போட்டதுதான். எல்லாரும் பாடுறது ஒரே பாட்டு. ஹீட் லேம்ப் வாங்கு, ராத்திரிக்கு சூடு குடு, குளிர் காலம் வந்தா உள்ள தூக்கி வை. நமக்கு ஏதுங்க குளிரு? பினாங்குல விடியக்காலை மூணு மணிக்குக்கூட 24, 25 டிகிரிக்குக் கீழ அவ்வளவா எறங்காது. இங்க வெளிய ஆமை வளர்க்கிறவங்களுக்கு இருக்கிற தலைவலி ஒண்ணே ஒண்ணுதான், தண்ணி. மேல இருந்து கொட்டுற தண்ணி, மலையில இருந்து எறங்குற தண்ணி, மண்ணுக்குள்ள போகாம நிக்கிற தண்ணி. அதப் பத்தி உருப்படியா யாரும் சொல்லக் காணோம், அதான் நானே எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், காப்பி கலக்கிட்டு வந்து உக்காருங்க.

எங்க வீட்ல இருக்கிறது சுல்காட்டா. ஆப்பிரிக்கால சஹாரா பாலைவனத்துக்குத் தெக்கு ஓரமா சாஹெல்னு ஒரு பட்டை நாடுங்க இருக்கே, அங்க செனகல்ல இருந்து எத்தியோப்பியா பக்கம் வரைக்கும் இதோட சொந்த ஊரு. உலகத்துல கலாபகோஸ், அல்டாப்ரா ரெண்டு தீவு ஆமைக்கும் அடுத்தபடியா பெரிய நில ஆமை இதுதான். கடையில பாக்கும்போது உள்ளங்கையில அடங்கும், கண்ண உருட்டிப் பாக்கும், மனசு எறங்கிடும். ஆண் ஆமை நல்லா வளந்தா அம்பது கிலோவைத் தாண்டும், எழுவது வருஷத்துக்கு மேல கூட இருக்கும். எங்களோடது இப்போ ஒரு அடிக்கு மேல, ஆறு கிலோ. பேரு தவுக்கே. காலையில வெளிய வந்ததும் நாலு மூலையும் ஒரு சுத்து மெதுவா நடந்து எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சாப்பிட வருவாரு, கடை தெறக்கிற மொதலாளி மாதிரி, அதனால அந்தப் பேரு.

ஏன் வெளிய வெச்சு வளர்க்கிறோம்னா, உண்மையான காரணம் அம்மா. குட்டியா கொண்டு வந்த அன்னிக்கே வாசல்ல நிறுத்திட்டாங்க. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க"ன்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நான் சொன்னேன், "வீட்டுக்குள்ள எங்கம்மா புகுது, அது வெளியதான் இருக்கப் போகுது." அதோட சட்டம் பாஸ் ஆயிடுச்சு, இன்னிக்கு வரைக்கும் தவுக்கே வீட்டு வாசப்படி தாண்டுனதில்ல. பக்கத்து வீட்டு சீன அங்கிளுக்கு அப்படியே நேரெதிர். அவங்க ஆளுங்களுக்கு ஆமைன்னா நீண்ட ஆயுசு, கொழந்தைக்கு மாசம் நெறஞ்சா ஆமை ஓடு அச்சுல செவப்பா அங் கூ பலகாரம் செஞ்சு வீடு வீடா குடுப்பாங்க இல்லையா. அங்கிள் வாரா வாரம் வேலி மேல எட்டிப் பாத்து தவுக்கே எடை எவ்வளவுன்னு கேப்பாரு. என்னமோ அக்கறைன்னு நெனச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சுது நாலு நம்பர் லாட்டரி எழுதத்தான் கேக்குறாருன்னு.

சரி, மேட்டருக்கு வரேன். எங்களுது பினாங்கு ஆயர் ஈத்தாம்ல வரிசை வீட்ல கடைசி மூலை வீடு, பக்கவாட்டுல ஒரு பட்டை நிலம் இருக்கு. மண்ணு செவப்புக் களிமண்ணு, மழை பேஞ்சா சட்டி மாதிரி தண்ணிய அப்படியே பிடிச்சு வெச்சுக்கும். இதுல சுல்காட்டாவ விட்டா என்ன ஆகும்னா, இந்த ஆமைக்குப் பொறவிக்குணம் தோண்டுறது. அது ஊர்ல வெயில் தாங்காம மண்ணுக்குள்ள வளை வெட்டிப் படுத்துக்கும், மூணு மீட்டர் ஆழம் வரைக்கும்கூட போகும். அங்க மழை வருஷத்துல ஒரு மூணு மாசம்தான், வளைக்குள்ள சில்லுன்னு சொகமா இருக்கும். அதே வளைய ஆயர் ஈத்தாம்ல வெட்டுனா அக்டோபர் மழை ஒரு சாயங்காலத்துல அது கெணறு. நில ஆமைக்கு நீச்சல் தெரியாது, முங்கிடும். கெக் லோக் சி கோயில் கொளத்து ஆமைங்களுக்கு கங்கோங் கீரைக் கட்டு வாங்கிப் போட்டுட்டு வர்றவங்க எங்க வீட்டுக்கு வந்தா "ஏன் தொட்டி கட்டல"ன்னுதான் மொதல்ல கேப்பாங்க. அது தண்ணி ஆமை, காலுல ஜவ்வு இருக்கும். இது காலப் பாருங்க, யானைக் காலு, தூண் மாதிரி. கொளத்துல விட்டா கல்லு.

அதனால பட்டி கட்டும்போது மொதல் செலவு எல்லாம் பூமிக்கு அடியிலதான் போச்சு, கண்ணுக்குத் தெரியவே தெரியாது, என் வீட்டுக்காரருக்கு இன்னும் வயித்தெரிச்சல். களிமண்ண ஒரு அடிக்கு மேல வெட்டி எடுத்துட்டு, அடியில ஓட்டை போட்ட பிவிசி பைப்ப சரிவா படுக்க வெச்சு லோங்காங்ல, அதாவது வீட்டோரச் சாக்கடைக் காவாயில விட்டோம், மேல துணி மாதிரி இருக்கிற ஜியோடெக்ஸ்டைல் விரிச்சு கிரஷர் ரன்னு சொல்ற ஒடச்ச கல்லுத்தூள் கலவையக் கொட்டி அமுக்கி, அதுக்கு மேல ஆத்து மணலும் மேல்மண்ணும் கலந்து போட்டோம். பட்டி பூராவும் லோங்காங் பக்கமா லேசா சாயுற மாதிரி மட்டம் பாத்தாச்சு. இப்போ எப்படிக் கொட்டுனாலும் மழை நின்னு கொஞ்ச நேரத்துல நடந்தா செருப்புல சேறு ஒட்டாது. லோங்காங்ல போயி சேர்ற வாய்க்கு மட்டும் கண்டிப்பா இரும்பு வலை போடணும், குட்டியா இருக்கும்போது அது வழியா போனா கதை முடிஞ்சுது, அதோட பாம்பும் பியாவாக்குங்கிற உடும்பும் அந்த வழியாத்தான் உள்ள வரும்.

சுவரு. கம்பி வேலி மட்டும் போடாதீங்க. ஆமைக்கு அந்தப்பக்கம் தெரிஞ்சா போதும், போயே ஆகணும்னு நாள் பூரா முட்டிக்கிட்டே இருக்கும், மூக்கும் முன்னங்காலும் புண்ணாயிடும். கண்ணுக்கு மறைப்பா இருந்தா அது ஒலகம் அங்க முடிஞ்சுதுன்னு நிம்மதியா திரும்பிடும். நாங்க சிமெண்டு பிளாக் வெச்சு ரெண்டடி ஒசரம் கட்டுனோம், பூமிக்குள்ள ஒரு அடி எறக்கி, உள்பக்கம் சுவத்தோரமா பேவிங் ஸ்லாப் சுத்தி போட்டாச்சு, ஏன்னா தோண்டுறது எப்பவும் சுவத்த ஒட்டித்தான் ஆரம்பிக்கும். தவுக்கே தோண்டுறதப் பாக்கணுமே. ஒரு முன்னங்கால நட்டுக்கிட்டு இன்னொரு காலால மண்ண வெட்டி பின்னால தள்ளுவாரு, கொஞ்சம் சேர்ந்ததும் அப்படியே ஒடம்பத் திருப்பி ஓட்டோட முன்பக்க விளிம்பால குமிச்ச மண்ண வெளிய தள்ளிட்டு வருவாரு, புல்டோசர் தோத்துச்சு. மூக்கு மேல மண்ணு அப்பியிருக்கும், தொடைக்க மாட்டாரு, அப்படியே போயி இலை திம்பாரு. முழுசா தோண்ட விடாமலும் இருக்கக் கூடாது, நகம் வளந்துடும், ஆளும் பேஜாராயிடும். அதனால ஒரு மூலையில கூரை போட்டு மேடா மண்ணு குமிச்சு "இங்க தோண்டிக்கோ"ன்னு விட்டாச்சு. மேடுங்கிறதால எவ்வளவு வெட்டுனாலும் தரைமட்டத்துக்குக் கீழ தண்ணி நிக்கிற அளவுக்குப் போகாது.

ராத்திரி வீடு பத்தி சொல்லணும்னா 2017 நவம்பர் வெள்ளத்தச் சொல்லணும். நவம்பர் 4ஆம் தேதி சாயங்காலம் புடிச்ச மழை ராத்திரி பூரா விடல, பினாங்கு ஆளுங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. எங்க கேட்டுத் தூண்ல அன்னிக்கு தண்ணி நின்ன கோடு இன்னும் மங்கலா தெரியும், பெயிண்ட் அடிக்கும்போதுகூட அதை மட்டும் விட்டு வெச்சிருக்கார் வீட்டுக்காரர். கொத்தனார் அண்ணன்கிட்ட அந்தக் கோட்டக் காட்டி, இதுக்கு மேல ரெண்டு செங்கல் ஒசரத்துல தரை வரணும்னு சொன்னேன். அவரு ஒரு தடவ என்னப் பாத்தாரு, ஒரு தடவ தவுக்கேவப் பாத்தாரு, சரிக்கான்னுட்டு கட்டிட்டாரு. சிமெண்டுத் தரை, சுத்தி பலகை, மேல ஜிங்க் கூரை நல்லா வெளிய நீட்டி சாரல் அடிக்காத மாதிரி, ஏறி வர சொரசொரப்பா ஒரு சரிவு. வழவழன்னு சரிவு போட்டா வழுக்கி மல்லாந்துடும், வெயில்ல மல்லாந்து கெடந்தா ஆமை செத்தே போயிடும், தானா திரும்புறது எல்லா நேரமும் நடக்காது. உள்ள காஞ்ச வைக்கோலோ முயலுக்கு விக்கிற திமோத்தி புல்லோ போடுவேன், தேங்கா நார்த்தூளும் நல்லதுதான், ஆனா செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் பூஞ்சை புடிச்சிடுது, அந்த மாசங்கள்ல அத நான் தொடுறதில்ல. நம்ம ஊர்ல அடைமழை மாசம் அதுதான், கிழக்குக்கரையில வெள்ளம் வர்ற டிசம்பர் ஜனவரியில இங்க வெயில் அடிக்க ஆரம்பிச்சிடும். கட்டட வேலை எதுவா இருந்தாலும் ஜனவரி பெப்ரவரிக்கு வெச்சுக்கோங்க.

இப்போ கொஞ்சம் மாத்தி ஒண்ணு சொல்றேன். தண்ணி தலைவலின்னேனே, அதே தண்ணி காத்துல இருந்தா வரம். சுல்காட்டா படம் தேடுனா சிலதுக்கு முதுகு ஓடு குன்று குன்றா கூம்பி இருக்கும் பாருங்க, அது அழகு இல்ல, கோளாறு. ரொம்ப நாளா "புரோட்டீன் ஜாஸ்தியா குடுத்தா அப்படி ஆகும்"னே எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2003ல ஆஸ்திரியா ஆராய்ச்சிக்காரங்க சுல்காட்டா குட்டிங்களயே வெச்சு சோதிச்சுப் பாத்தாங்க, ஈரப்பதம் கம்மியான எடத்துல வளந்ததுக்குத்தான் ஓடு கூம்புச்சு, புரோட்டீன் கூடுனது கொறஞ்சதுல பெருசா வித்தியாசம் இல்ல. பினாங்கு காத்துல ஈரத்துக்குப் பஞ்சமா? தவுக்கே ஓட்ட வந்து தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்கும். ஏர்கோன் ரூம்ல கண்ணாடித் தொட்டியில வெச்சு வளர்க்கிறவங்களுக்குத்தான் இந்தக் கூம்பல் வருது. அதோட வெயில்ல இருக்கிற யூவிபி கதிர கண்ணாடி உள்ள விடாது, ஜன்னலோரம் வெயில் விழுதேன்னு ஏமாறக் கூடாது. அந்த வெயில் இல்லன்னா சுண்ணாம்புச் சத்து ஒடம்புல சேராது, ஓடு மெத்துன்னு ஆயிடும். ஆக, காத்து ஈரமா இருக்கணும், தரை காய்ஞ்சு இருக்கணும். அடிப்பக்க ஓடு நாள் கணக்கா சேத்துலயே கெடந்தா அழுக ஆரம்பிச்சிடும், மொதல்ல நாத்தம் வரும், அப்புறம் நகத்தால அமுக்குனா பதியும். வாரம் ஒருக்கா கொஞ்சமா சாச்சு அடியப் பாத்துடுங்க. ஓட்டுல உயிர் இல்லன்னு நெனச்சு ஓட்டை போட்டு கயிறு கட்டுறவங்க இன்னும் இருக்காங்க, அது எலும்பு, ரத்தமும் நரம்பும் ஓடுது, அதுக்கு வலிக்கும்.

சளி புடிச்சா மூக்குல முட்டை முட்டையா நொரை வரும், வாயத் தொறந்து மூச்சு விடும், சாப்பிடாது. அப்போ கைவைத்தியம் வேணாம், வெட்கிட்ட போயிடுங்க, ஆனா எல்லா கிளினிக்லயும் ஆமை பாக்க மாட்டாங்க, நாய் பூனையோட சரி. ஆமை நல்லா இருக்கும்போதே போன் போட்டு யாரு பாப்பாங்கன்னு விசாரிச்சு வெச்சுக்கிறது புத்திசாலித்தனம்.

குடிக்க அகலமான மண் தட்டு ஒண்ணு, ஏறி எறங்குற மாதிரி தாழ்வா. தெனமும் தண்ணி மாத்தணும், ஏன்னா இவரு அதுலயே ஒக்காந்து கக்கா போயிட்டு அதையே குடிப்பாரு, ரெண்டாவது ஏடிஸ் கொசு. சுகாதாரத் துறை ஆளுங்க வந்து தட்டுல புழு பாத்தாங்கன்னா 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், 1975ல இருந்தே அந்தச் சட்டம் இருக்கு, ஆமைக்கு வெச்ச தண்ணின்னு சொன்னா ஒண்ணும் நடக்காது. டெங்கிக்குப் புகை அடிக்க வர்றாங்கன்னு தெரிஞ்சா தவுக்கேவத் தூக்கி பின்னாடி பாத்ரூம்ல வெச்சு கதவச் சாத்திடுவேன், தட்டையும் இலையையும் அப்புறம் கழுவிட்டுத்தான் குடுப்பேன். பாத்ரூம் வெளிய இருக்கிற பாத்ரூம், அம்மா சட்டம் மீறல.

சாப்பாட்டு விஷயத்துல அம்மாதான் இப்போ எக்ஸ்பர்ட். சொன்னா நம்ப மாட்டீங்க. மொதல்ல எட்டியே பாக்காதவங்க, எங்க அண்ணன் மக "பாட்டி, பெருமாள் கூர்ம அவதாரம் எடுத்தாரு இல்ல"ன்னு ஒரு நாள் கேட்டு வெச்சா, அன்னிக்கு சாயங்காலமே செம்பருத்திப் பூ ஒண்ணு பட்டிக்குள்ள விழுந்துச்சு. சுல்காட்டாவுக்கு வேண்டியது நார், அதாவது புல்லு, புல்லு, புல்லு. கூட செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, கோவை இலை, கொஞ்சம் முருங்கைக்கீரை. பழம் ஆசைக்குக்கூட வேணாம், அது குடல்ல புல்லு புளிச்சு செரிக்கிற மாதிரி அமைஞ்சது, இனிப்பு போனா கலங்கிடும். இங்க கேரா கொரங்கு வேற மலையில இருந்து எறங்கி வந்து ரம்புத்தான கடிச்சுக் கடிச்சு பட்டிக்குள்ள போட்டுட்டுப் போகும், அதப் பொறுக்கிறதே ஒரு வேலை. நாய் பூனை பிஸ்கட்டு வைக்கவே கூடாது. கங்கோங், பசார்ல விக்கிற கீரை எல்லாம் எப்பவாவது. அரளிச் செடி வேலியோரம் இருந்துச்சு, பூசைக்கு வெச்சது, அது பூராவும் விஷம்னு வேரோட எடுத்தாச்சு, கேளாடிங்கிற சேம்பும் அப்படியே. கணவாய் ஓடு ஒரு மூலையில போட்டு வெச்சா வேணுங்கும்போது வந்து கொறிக்கும், பசார் மீன்கடையில கேட்டா சும்மாவே தருவாங்க.

புல்லு எங்க அறுக்கிறதுங்கிறதுலதான் அம்மாவோட அனுபவம் பேசும். வயசுல எஸ்டேட்டுல மருந்து அடிச்சவங்க, முதுகுல பம்ப சுமந்து லாலாங்கு களைப்புல்லுக்கு அடிச்சு அடிச்சு கையில நகமெல்லாம் போயி திரும்ப மொளச்ச கை அது. ரோட்டோரப் புல்ல ஒரு கட்டு நான் அறுத்துட்டு வந்தா, ரெண்டு தாள உருவி நுனிய வெளிச்சத்துல பாப்பாங்க. நுனி மஞ்சளா கருகி நடுத்தண்டு பச்சையா இருந்தா "அடிச்சிருக்கான், தூக்கிப் போடு". பாராகுவாட் 2020 ஜனவரியில இருந்து மலேசியாவுல தடை, ஆனா வேற மருந்து இருக்கே, குத்தகைக்காரங்க எது அடிக்கிறாங்கன்னு நமக்கா தெரியும். இப்போ பின்பக்கம் நாங்களே நேப்பியர் புல்லு ஒரு வரிசை நட்டிருக்கோம், வெட்ட வெட்ட வருது. செம்பருத்திக்கு மட்டும் தெனம் காலையில தகராறு. சாமிக்கு மொதல்ல பறிக்கணும், மிச்சம்தான் தவுக்கேவுக்கு. தவுக்கே செவப்புக் கலரப் பாத்துட்டா கழுத்த நீட்டிக்கிட்டு வேகமா வருவாரு, பூவ நடுவுல கவ்வி முன்னங்காலால மிதிச்சுப் பிடிச்சு இழுத்துக் கிழிப்பாரு, தாடையெல்லாம் மகரந்தம் மஞ்சளா ஒட்டியிருக்கும். அம்மா தட்ட ஏந்திக்கிட்டு "இருடா, அம்பாளுக்கு வெச்சுட்டு வரேன்"ன்னு அதுகிட்ட சொல்லிட்டுப் போறாங்க. உருப்படாத வீட்டுக் கதை என்னாச்சும்மான்னு நான் கேக்குறதில்ல, கேட்டா திட்டு விழும்.

வாங்கப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். பெர்ஹிலித்தான், அதாவது மலேசிய வனவிலங்குத் துறை, லைசென்ஸ் பேப்பர் இல்லாம எந்த ஆமையும் வாங்காதீங்க, 2010 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வெளையாட்டு இல்ல. இந்திய நட்சத்திர ஆமைய 2019ல சைட்டிஸ்ங்கிற உலக வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்தோட முதல் பட்டியலுக்கே ஏத்திட்டாங்க, மடகாஸ்கர் ஆமைங்க ரொம்ப காலமாவே அதுலதான். 2017 மே மாசம் கேஎல்ஐஏ (கோலாலம்பூர் ஏர்போர்ட்) கார்கோல 330 மடகாஸ்கர் ஆமைய புடிச்சாங்களே, கல்லுன்னு எழுதி பெட்டிக்குள்ள அடைச்சு வந்தது, அந்த மாதிரி சரக்கு ஒண்ணுதான் யாரோ டெலிகிராம்ல "சீப்பா தரேன்"னு உங்களுக்கு நீட்டுறது. மலையேறப் போனப்போ கண்ணுல பட்டுச்சுன்னு நம்ம காட்டு ஆமையத் தூக்கிட்டு வர்றதும் அதே குத்தம்தான். இன்னொண்ணு, தொட்டா சோப்புப் போட்டு கை கழுவணும், சால்மொனெல்லா கிருமி ஆமைங்ககிட்ட சகஜம், சின்னப் புள்ளைங்க கையோட வாயில வெச்சுடும். அமெரிக்கால இதுக்காகவே 1975ல நாலு இஞ்சுக்குச் சின்ன ஆமை விக்கிறதயே தடை பண்ணிட்டாங்க.

எல்லாத்துக்கும் மேல ஆயுசு. எனக்கு இப்போ நாப்பதத் தாண்டியாச்சு, தவுக்கேவுக்கு அரைக்கெழவன் ஆகவே இன்னும் முப்பது வருஷம் வேணும். செயிண்ட் ஹெலினா தீவுல ஜோனத்தான்னு ஒரு ஆமை இருக்கு, வேற ஜாதி, 1832 வாக்குல பொறந்ததுன்னு கணக்கு, அதக் கொண்டு வந்தவங்க பேரன் பேத்திகூட போயி சேர்ந்திருப்பாங்க. அதனால வீட்ல பேசி வெச்சாச்சு, அண்ணன் மகதான் வாரிசு. "அத்தை, நான் பாத்துக்கிறேன்"ன்னு சத்தியம் பண்ணியிருக்கா. அண்ணன் இருக்கிறது பாயான் லெப்பாஸ்ல பதினாலாவது மாடி கொண்டோ. அண்ணி இப்பவே "லிஃப்ட்ல ஏத்தவா போறோம், இந்த வீட்டையும் சேர்த்து அவ பேருக்கு எழுதிடுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, சிரிப்பு மாதிரி எனக்குத் தெரியல.

அடுத்த வேலை, பட்டிய நீளப்படுத்தணும். கிலோ ஏற ஏற இந்த பிளாக் சுவரு தாங்காது, இப்பவே ஒரு மூலையில தோளக் குடுத்து தள்ளித் தள்ளி சாந்து விட்டிருக்கு. பின்பக்கம் ரம்புத்தான் மரம் வரைக்கும் தள்ளி, கம்பி வெச்சு கான்கிரீட்டா கட்டிடலாம்னு ஒரு யோசனை. கொத்தனார் அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல படம் அனுப்பிட்டேன், ஜனவரில வரேன்னு சொல்லியிருக்காரு, கூலி மட்டும் இன்னும் சொல்லல.